மேல் வண்டல்

எங்கள் பரிசோதனைக் கூடத்து மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் ஏரிச் சேற்றைக் கொண்டுவந்து வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். படகுக்காரர். பதினொரு வருஷம் அப்படித்தான் கொண்டுவந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி நானும் பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது அந்தப் பெருமையை வாயில் எடுக்க முடியவில்லை. ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தச் சுத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி சுமாருக்குப் பின்வாசல் படியில் காலடி கேட்கும். குழாயடியில் கால் கழுவுவார். படகில் கழற்றி மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டு, கடைசிப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். தோளில் துண்டு, கையில் நீலப் பிளாஸ்டிக் கூடை. கூடையில் நான்கு பை சேறு, நான்கு பாட்டில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் முத்து முத்தான எழுத்தில் இடம், தேதி, நேரம். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதரின் எழுத்து அது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பட்டம் வாங்கியவர்களின் எழுத்தை மருந்துக்கடைக்காரர்தான் படிக்க முடியும்.

"இந்தக் கையெழுத்துல என் கல்யாணப் பத்திரிகையை எழுதியிருக்கலாம் அண்ணே" என்பேன்.

"இப்ப மட்டும் என்ன கெட்டுப்போச்சு மேடம்மா? பத்திரிகை ரெடி. மாப்பிள்ளைதான் பாக்கி."

மேடம் என்று முழுதாகவும் வராமல், அம்மா என்று முழுதாகவும் வராமல், அவர் வாயில் நான் மேடம்மா ஆகியிருந்தேன். நான் முசுடு என்று பெயர் எடுத்தவள். நாற்பத்து மூன்று வயது, தனிக்கட்டை, யாரையும் எடுத்தெறிந்து பேசுகிறவள். என்னிடம் வேடிக்கை பேசத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய அப்பா இக்கரைக்கும் அக்கரைக்கும் படகு விட்டவர். ஒன்பது வயதில் இவர் கைக்குத் துடுப்பு வந்தது. பதினேழில் அப்பா காய்ச்சலில் போய்ச்சேர, படகும் இவருடையதானது. அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பால்காரர்களையும் சைக்கிள்களையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் ஏற்றி இறக்கினார். ஒருத்தி பொறுக்க மாட்டாமல் நடு ஏரியிலேயே பெற்றுவிட்டாள் என்றும், பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டதாகத் தன்மேல் பழி விழுந்தது என்றும் சொல்வார். பிறகு பாலம் வந்தது. திறப்புவிழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் உட்கார நாற்காலிகளைக் கொண்டுபோனது இவருடைய படகு. "என் பொழப்புக்குக் குழி வெட்ட வந்தவங்களுக்கு நானே நாற்காலி போட்டேன் மேடம்மா" என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இரண்டு வருஷம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். அதன்பிறகு எங்கள் துறை ஏரியில் மாதிரி எடுக்க ஆள் தேடியபோது வந்து சேர்ந்தார். எனக்கு ஐந்து வருஷம் மூத்த ஊழியர்.

ஏரியின் வடகரை முழுக்கப் பட்டறைகள். பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகைகள், முலாம் பூசுகிற கூடங்கள். அவற்றின் கழிவெல்லாம் ஒரே கால்வாயாகி ஏரியில் விழுகிறது. தென்கரையில் ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் பம்பு நிலையம். நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பதிவேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றிருந்த இடங்களுக்குப் படகுக்காரர் வைத்திருந்த பெயர்கள் வேறு. கால்வாய் விழும் இடம் 'வாய்'. ஆழமான இடம் 'குழி'. பம்பு நிலையத்துக்கு எதிரே 'குழாய்'. கோரை மண்டிய மேற்கு மூலை 'கோரை'. உயரமான புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்தால் குழிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஈயமும் காட்மியமும் தண்ணீரில் மிதந்து திரிகிற ரகம் இல்லை. மிக நைசான வண்டலைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் தண்ணீரைச் சோதித்தால் அது நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் சேற்றைக் கேட்டால்தான் சங்கதி தெரியும். இதைக் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். அந்த அழகுக்கு இந்தக் கதை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எனக்கு முன்னால் இருந்த அதிகாரி எதையும் அலட்டிக்கொள்ளாத மனிதர். படகுக்காரர் சேற்றைத் தண்ணீரோடு அள்ளிப் பையில் போட்டுக் கொண்டுவருவார், அது பாட்டுக்கு மேசையில் ஒழுகும், அதிகாரி பாட்டுக்கு வேலை பார்ப்பார். அன்று ஒழுகிய கறுப்புத் தண்ணீர், நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய பதிவேட்டில் ஏறிவிட்டது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பத்துப் பேர் நடுவில் கத்தினேன்.

"சேறு கொண்டு வாங்கன்னா சாக்கடையைக் கொண்டு வந்து ஊத்துறீங்க! இனிமே ஒரு சொட்டு இந்த மேசையில விழக்கூடாது. கெட்டியாக் கொண்டு வாங்க, புரியுதா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். "புரியுது மேடம்மா" என்றார். அடுத்த மாதத்திலிருந்து பைகள் கல்லுமாதிரி வந்தன. சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, வெட்டி வைத்த சோப்புக்கட்டி போன்ற களிமண். எப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

நான் வந்த வருஷத்திலிருந்து ஈயத்தின் அளவு சட்டென்று இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்த எண், கிலோவுக்கு இருபது மில்லிகிராம் என்று வந்து நின்றது. அதே வருஷத்தில்தான் வடகரையில் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று திறந்திருந்தார்கள். இரண்டையும் நான்தான் முடிச்சுப் போட்டேன். 'ஏரி மீண்டு வருகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரியைப் பட்டறைக்காரர்கள் பெரிதாக அச்சடித்துத் தங்கள் வாசலில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது.

செவ்வாய்க்கிழமைக் கூடையில் சேற்றோடு இன்னொன்றும் வரும். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டுக் கீரை. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.

"அண்ணி என்ன உரம் போடுறாங்க அண்ணே?"

"உரமா? எல்லாம் நம்ம ஏரி மண்ணு செய்யிற வேலை மேடம்மா."

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எந்த மண், எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் சமைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகள் வாயும் வயிறுமாக வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பிரசவம் இங்கேயே ஆயிற்று. பெண் குழந்தை. அன்றிலிருந்து கூடையோடு குழந்தையின் கதையும் வரும். வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள். எங்கள் கூடத்திலும் அவள் குட்டிதான். குட்டி தவழ்ந்தது, குட்டி தாத்தாவின் துண்டைப் பிடித்து எழுந்து நின்றது, குட்டி கோழியைத் துரத்தியது எல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

பேச்சு மட்டும் வரவில்லை. இரண்டு வயதில், "நிதானமாப் பேசுவா, அவங்க அப்பன் மாதிரி" என்றார். மூன்று வயதில், "அஞ்சு வார்த்தை சொல்றா மேடம்மா. வா, தா, அம்மா, பாலு, மண்ணு. பொழைக்கிறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சிரித்தார். சிரிப்பு முன்போல முழுதாக இல்லை. மூன்றரை வயதில் குட்டிக்கு அடிக்கடி வயிற்றுவலி. சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே போனது. பக்கத்துத் தெரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், சத்து மருந்து கொடுத்தார்.

"பேச்சு வராட்டிப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்களா மேடம்மா?" என்று ஒருநாள் கேட்டார். "அஞ்சு வயசுக்குள்ள பேசிடும்ல?"

"பேசிடும் அண்ணே. சில பிள்ளைங்க லேட்டாப் பேசும்" என்றேன். அவருக்கு அந்த ஒரு கவலைதான். மகளைப் பத்தாவது தாண்ட வைக்க முடியவில்லை என்ற குறையை இந்தக் குழந்தையிடம் தீர்த்துக்கொள்ள நினைத்தார். எழுதிப் பழக இப்போதே ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்று அன்று போகிற போக்கில் சொன்னார். "கண்ணை எடுத்தா மண்ணைத் திங்கிறா. தோட்டத்துல உக்காந்து அள்ளி அள்ளி. நம்ம தொழில் அவ ரத்தத்துலயே இருக்கு மேடம்மா."

நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், வேறொரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கண்ணாடிபோலத் தெளிந்த நீளக் குழாய் ஒன்றை ஏரியின் அடியில் குத்தி, சேற்றை அடுக்குக் கலையாமல் அப்படியே உருவி எடுப்பது அவள் முறை. படகு ஓட்டியது நம் ஆள்தான். திரும்பி வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"படிச்ச பொண்ணுதான் மேடம்மா. ஆனா சுத்தம் பத்தாது. மேல தளதளன்னு நிக்கிற சகதியையும் சேத்து அப்படியே கட்டி எடுத்துட்டுப் போறாங்க. வழியெல்லாம் ஒழுகியிருக்கும்."

"எல்லாருக்கும் உங்க கை வருமா அண்ணே?" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய முடிவுகள் வந்தன. குழியில், அடியில் கிடந்த களிமண்ணில் ஈயம் இருபது. எங்கள் எண்ணேதான். அதற்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு நின்ற கறுப்பு வண்டலில் ஆயிரத்து எண்ணூறு. வாய்க்கு அருகே ஆறாயிரம். காட்மியமும் கணக்கில்லாமல் இருந்தது. நான் கொதித்துப்போனேன். உங்கள் கருவி சரியில்லை, உங்கள் குழாய் சுத்தமில்லை, பதினொரு வருஷ அனுபவத்தை ஒரே நாளில் பொய்யாக்கப் பார்க்கிறீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அவள் ஒரே வரியில் பதில் போட்டிருந்தாள். 'நீங்கள் மாதிரி எடுப்பதை எப்போதாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?'

பார்த்ததில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூடப் படகில் கால் வைத்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீம்புக்கு ஏறினேன். படகுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்காக இருக்கைப் பலகையைத் துடைத்து, அதன்மேல் மடித்த சாக்கு போட்டிருந்தார். "பயப்படாதீங்க மேடம்மா. பிரசவமே பாத்த படகு இது." காற்று இல்லை. வடகரைப் புகை தண்ணீரின்மேல் தாழ்ந்து படிந்திருந்தது, நாக்கில் இரும்பு கரித்தது. புகைபோக்கியும் தொட்டியின் விளிம்பும் நேர்க்கோட்டுக்கு வந்ததும் துடுப்பை நிறுத்தினார். அடியைத் தொட்டதும் தாடையை மூடிக்கொள்கிற இரும்புக் கருவியைக் கயிற்றில் இறக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் முதலை. கயிறு தளர்ந்தது. வெடுக்கென்று சுண்டி, கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, வாய் மூடிய முதலையை ஒரு தொட்டியில் வைத்துத் திறந்தார்.

மேலே மைபோல ஒரு கறுப்பு, தளும்பிக்கொண்டு. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல எல்லை தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தொட்டியை மெல்லச் சாய்த்தார். கறுப்பு மொத்தமும் வழிந்து பக்கத்தில் இருந்த வாளிக்குள் போனது. மிச்சத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் பதமாக வழித்து எடுத்தார். பிறகு சுத்தமான சாம்பல் களிமண்ணைப் பையில் அடைத்தார்.

"என்ன பண்றீங்க அண்ணே?"

"வடிக்கிறேன் மேடம்மா."

"எதுக்கு?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்கதான சொன்னீங்க, ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு."

"எல்லா இடத்துலயும் இப்படித்தானா? எல்லா மாசமுமா?"

"உங்க பேச்சை நான் என்னைக்கு மேடம்மா தட்டியிருக்கேன்?"

பட்டறைகள் வருவதற்கு முன்னால், அவருடைய அப்பா பிறப்பதற்கும் முன்னால் படிந்த களிமண் அது. அதைத்தான் பதினொரு வருஷமாகச் சோதித்து, ஏரி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த வாளியைப் பார்த்தேன். மூடி போட்ட வாளி. அதை அவர் ஏரியில் கவிழ்க்கவில்லை.

"அந்த வாளி?"

"இது வீட்டுக்கு. பாருங்க, வெண்ணெய் மாதிரி இருக்கு. முதல்ல திருப்பி ஊத்திட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் வாளியைக் கழுவாம விட்டுட்டேன், அதுல தானா ஒரு தக்காளிச் செடி முளைச்சு என்னமா காய்ச்சுது தெரியுமா! அதுல இருந்து எங்க வீட்டுக்காரி விடமாட்டேங்கிறா. மாசம் நாலு வாளி. அவ தோட்டமே இதுலதான் நிக்கிது."

குட்டி அள்ளி அள்ளித் தின்ற மண் எதுவென்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அவர் முதலையை மறுபடியும் இறக்கப் போனார். "வேண்டாம் அண்ணே, கரைக்குப் போங்க. உங்க வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

சின்ன வீடு. முன்னறையில் ஒரு கட்டில், தையல் எந்திரம், சுவரில் ஆணியடித்து மாட்டிய சிலேட்டு. பின்னால் தோட்டம். செங்கல் அடுக்கிய பாத்திகளில் மண் கருகருவென்று மின்னியது. ஓரத்தில் ஒரு தகரத்தில் புதிய வண்டல் காய்ந்துகொண்டிருந்தது. படகுக்காரரின் மனைவி அதைக் கையால் உதிர்த்து, மாவு சலிக்கிற சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தூள் அவள் புருவத்திலும் பக்கத்துக் கொடியில் காய்ந்த துணியிலும் படிந்திருந்தது. சல்லடைக்குக் கீழே குட்டி உட்கார்ந்திருந்தாள். வாயைச் சுற்றிக் கறுப்பு.

"வாங்க வாங்க! கீரை பறிச்சுத் தரட்டுமா?" என்றாள் அவள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. இந்த மண்ணில் ஈயம் இருக்கிறது, தொடாதீர்கள், குழந்தையைக் கழுவுங்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுங்கள். அவள் சல்லடையைக் கீழே வைக்கவில்லை. "விஷம்னா செடி செத்துப்போகாதா? இது பாருங்க எப்படி வளருதுன்னு" என்றாள். அவள் கோபமாகத்தான் சொன்னாள். நியாயமான கேள்விதான். செடி சாகவில்லை, அதுதான் வினையாகிவிட்டது.

படகுக்காரர் குட்டியைத் தூக்கினார். அவள் முஷ்டியை விரல் விரலாகப் பிரித்து, உள்ளே இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அவள் வீறிட்டு அழுதாள்.

"மண்ணு! மண்ணு!"

பாத்தி மண்ணில் ஈயம் இரண்டாயிரத்து நூறு. அதை நானே சோதித்தேன், மூன்று முறை. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டினாலே மருத்துவர்களின் முகம் மாறும். குட்டிக்கு அறுபத்திரண்டு. அவள் அம்மாவுக்கு முப்பது. எனக்குப் பதினான்கு. நான் வளர்ந்தவள், எனக்கு வரவேண்டிய சொற்களெல்லாம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டன. குட்டியை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றினார்கள். எண் இறங்கும் என்றார் டாக்டர். வயிற்றுவலி போய்விடும் என்றார். பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, "மூளையில ஏற்கெனவே ஆன சேதத்தை மருந்து சரிபண்ணாதும்மா" என்றார். தாத்தாவிடம் அதை யார் சொல்வது என்று நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பிறகு விசாரணை. இயக்குநர் அறையில் நீள மேசை, ஆறு பேர். படகுக்காரருக்கு நாற்காலி போடவில்லை.

"யார் சொல்லி வடிச்சீங்க?" என்றார் இயக்குநர்.

நான் படகுக்காரருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"யாரும் சொல்லல சார். ஒழுகுமேன்னு நானாத்தான் செஞ்சேன்."

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். நான்தான் சொன்னேன், கத்திச் சொன்னேன், பத்துப் பேர் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஊரையே வாயால் அடக்குகிறவள், அன்று பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் தூங்காமல், மூன்றாம் நாள் உண்மையை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இயக்குநர் படித்தார், மடித்தார், இழுப்பறையில் போட்டார்.

"படகுக்காரன் தப்புன்னா விஷயம் இதோட முடியும். உங்க தப்புன்னா பதினொரு வருஷ அறிக்கையையும் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. போய் வேலையப் பாருங்க."

ஏரிக்கரையில் பலகை நட்டார்கள், மீன் பிடிக்கக் கூடாது என்று. பம்பு நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; தண்ணீர் நல்ல பிள்ளையாயிற்றே. பட்டறைகளின் வாசலில் என் வரி இன்னும் தொங்குகிறது. கோடையில் ஏரி இறங்கிக் கரை காயும்போது அந்த வண்டல் தூளாகி எந்தத் தெருவுக்குப் பறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. படகுக்காரரை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம், செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணிக்குப் பின்வாசலில் காலடி கேட்டது. கால் கழுவுகிற சத்தம். சட்டையின் கடைசிப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு வந்தார். முதலையைப் பூட்டிவைக்கும் அறையின் சாவியை மேசையில் வைத்தார். கையில் அதே நீலக் கூடை, காலியாக.

"உக்காருங்க அண்ணே" என்றேன். உட்காரவில்லை.

"குட்டி எப்படி இருக்கா?"

"சாப்பிடுறா. பாத்தியெல்லாம் பாலிதீன் போட்டு மூடி, சுத்திலும் செங்கல் வச்சிருக்கேன். அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறதுன்னு உங்க ஆபீஸ்ல கேட்டா, சொல்றோம்னு சொல்றாங்க." கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "விடிஞ்சா அந்தப் பாலிதீன் ஓரத்துல போய் நின்னு அழுறா மேடம்மா. மண்ணு மண்ணுன்னு. இருக்கிறதே அஞ்சு வார்த்தை. அதுல ஒண்ணை எப்படிம்மா வேண்டாம்னு சொல்றது?"

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சாவியைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "நான் இத்தனை வருஷம் கொண்டு வந்தேனே, அந்தச் சாம்பல் களிமண்ணு. அதுல ஒண்ணும் இல்லதானே?"

"இல்ல அண்ணே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"வாயில வச்சாலும்?"

பதினொரு வருஷத்தில் அந்த ஏரியைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். பின்னறைக்கு அழைத்துப்போனேன். சோதித்து மீந்த மண்ணைக் காயவைத்து, டப்பாவில் போட்டு, மாதவாரியாக அடுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அறை முழுக்க அவருடைய முத்தெழுத்து. பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஈயமும் காட்மியமும் மற்றவையும் மிகக் குறைவாக இருந்த டப்பாக்களாகப் பார்த்து எண் சொன்னேன். அவர் எடுத்துக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒன்றை மட்டும் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். தூசி பறக்கக் கூடாது என்று, கூடத்தில் இருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, என் மேசையிலேயே வைத்து இருவரும் பிசைந்தோம். உருண்டை உருண்டையாக உருட்டிப் பையில் போட்டார். பை மேல் பழக்கத்தில் தேதி எழுதினார்.

"தின்ன விடாதீங்க அண்ணே. விளையாட மட்டும்" என்றேன்.

"சரி மேடம்மா" என்றார். என் பேச்சை அவர் என்றைக்கும் தட்டியதில்லை.

கூடையைத் தூக்கியவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மேசையில் விழுந்திருந்த ஒரு சொட்டைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.